கொசுக்களை எண்ணிய மருத்துவர்

இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், அல்மோரா என்னும் மலையூர் உள்ளது. 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், மீரட் நகரில் சிப்பாய்களின் எழுச்சி தொடங்கிய மூன்றாம் நாள், அவ்வூரில் ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் இல்லத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பத்துக் குழந்தைகளுள் மூத்ததான அக்குழந்தையே ரொனால்டு ராஸ். எட்டு வயதானதும், அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கப்படி, சிறுவனைக் கல்விக்காகக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தனர். பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளை வேறொரு நாட்டிலுமாக வாழ்வது எளிதன்று. உறவினர் வீட்டில் வளர்ந்த அச்சிறுவன் கவிதையிலும் இசையிலும் ஓவியத்திலும் மனத்தைத் தோய்த்தான்.

எழுத்தாளராகவோ ஓவியராகவோ வாழ வேண்டும் என்பதே ராஸின் விருப்பம். மகன் மருத்துவராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் விருப்பமே வென்றது. இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பயின்ற ராஸ், படிப்பில் பெரிதாக ஒளிவிடவில்லை. எனினும் தேர்வில் தேறி 1881ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சென்னை மாகாணம்.

சென்னையில் வேலை குறைவு, ஓய்வு மிகுதி. அந்த ஓய்வில் ராஸ் ஒரு புதுமையான பழக்கத்தை மேற்கொண்டார். ஆசிரியர் எவருமின்றி, நூல்களை வாங்கித் தாமே உயர்கணிதம் கற்கத் தொடங்கினார். படைமுகாம் மருத்துவர் ஒருவருக்கு அக்கணிதத்தால் என்ன பயன் என்று அன்று எவரும் கேட்டிருக்கலாம். அதற்கான விடை கிடைக்க இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

1883ஆம் ஆண்டு அவர் பெங்களூரில் பணியாற்றினார். தங்கியிருந்த பங்களா அழகானது. ஆனால் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. சாளரத்துக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியை ஒருநாள் உற்றுநோக்கினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்து நீரைக் கொட்டினார். அவருடைய அறையில் கொசுக்கள் குறைந்தன. மகிழ்ந்துபோன அவர், மற்றத் தொட்டிகளையும் அவ்வாறே கவிழ்க்கலாம் என்று உடன் பணிபுரிந்த அதிகாரியிடம் கூறினார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டாராம். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அப்போது ராஸும் அறியார். கொசுவை அதன் பிறப்பிடத்திலேயே குறைக்க முடியும் என்பது மட்டும் அவர் மனத்தில் பதிந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்த நோய் மலேரியா. குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் தமிழர் இதனை அழைத்தனர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருள் கெட்ட காற்று என்பதாகும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே நோயைத் தருகிறது என்று நூற்றாண்டுக்கணக்காக மக்கள் நம்பினர். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான், நோயாளியின் குருதியில் உயிருள்ள ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். அவ்வொட்டுண்ணி ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வழியாகச் செல்கிறது என்பதே எஞ்சிய வினா.

1894இல் விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸ், பேட்ரிக் மேன்சன் என்னும் மூத்த மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் இருந்தபோது கண்டறிந்தவர் மேன்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டித் தம் கருத்தை விளக்கினார். ராஸ் அக்கருத்தைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டு, 1895இல் இந்தியா திரும்பிச் செகந்திராபாத் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து ராஸும் இலண்டனிலிருந்து மேன்சனும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

செகந்திராபாத்தில் நடந்த ஆய்வு பார்ப்பதற்கு எளியது. மலேரியா நோயாளி ஒருவரைக் கொசுவலைக்குள் படுக்கச் செய்வர். வலைக்குள் கொசுக்களை விடுவர். அவை குருதி குடித்தபின் ஒவ்வொன்றாகப் பிடித்து, சில நாள் வைத்திருந்து, ஊசி முனையால் பிளந்து, வயிற்றை நுண்ணோக்கியில் ஆராய்வர். ஈராண்டுக் காலம் ராஸ் இவ்வாறு கொசுக்களைப் பிளந்துகொண்டே இருந்தார். ஒன்றும் தென்படவில்லை. கொசு இறந்து கிடந்த நீரைப் பருகுவதால் நோய் வரும் என்பது மேன்சனின் எண்ணம். ஆகவே அத்தகைய நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் ராஸ் சோதித்தார். அச்சோதனை தெளிவான முடிவைத் தரவில்லை. மனிதரைக் கொண்டு இவ்வாறு சோதிப்பதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது.

தோல்விக்குக் காரணம் அவருடைய உழைப்பில் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த கொசுவில் இருந்தது. வீட்டைச் சுற்றி மிகுதியாகக் கிடைத்த சாம்பல்நிறக் கொசுவையும் வரிக்கொசுவையுமே அவர் பிளந்துவந்தார். இன்று அவற்றைக் கியூலெக்ஸ் என்றும் ஏடிஸ் என்றும் வழங்குகிறோம். கொசு என்றால் எல்லாம் கொசுதானே என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் மனிதரின் மலேரியா ஒட்டுண்ணி அவ்விரண்டின் வயிற்றிலும் வளராது. ஆயிரம் கொசுக்களைப் பிளந்தாலும் இனம் தவறானால் விடையும் கிடைக்காது.

1897ஆம் ஆண்டு கோடையில், உதகமண்டலத்தை அடுத்த சிகூர் மலைப்பாதைக்கு ராஸ் சென்றார். மலேரியாவுக்குப் பெயர்போன பகுதி அது. அங்குச் சென்ற சில நாள்களில் அவரையே மலேரியா பற்றிக்கொண்டது. எனினும் நீலகிரி அவருக்கு ஒரு குறிப்பையும் தந்தது. சிறகில் புள்ளிகள் கொண்ட, சுவரில் அமரும்போது வால்பகுதியைத் தூக்கி நிற்கும் ஒருவகைக் கொசுவை அங்கே கண்டார். முன்பு அவர் கவனித்திராத கொசு அது.

செகந்திராபாத் திரும்பியபின், ஆகஸ்டு மாதத்தில், உதவியாளர் ஒருவர் கொசுப்புழுக்கள் நிறைந்த புட்டியைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து புள்ளிச்சிறகுக் கொசுக்கள் வெளிவந்தன. ஆகஸ்டு 16ஆம் நாள் அவற்றை உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். மருத்துவ வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்புக்கு உசேன் கானின் குருதியும் ஒரு விலை கொடுத்திருக்கிறது. நூல்கள் பலவற்றில் அவர் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

வெயில் கொளுத்திய நாள்கள் அவை. பிளந்து வைத்த கொசுவின் நுண்ணிய உறுப்புகள் பறந்துவிடும் என்பதால் பங்கா விசிறியையும் இழுக்கச் செய்ய முடியாது. நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. அதன் கண்ணாடியிலும் விரிசல். ஆகஸ்டு 20ஆம் நாள் எஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றைப் பிளந்தார். வயிற்றுச் சுவரில் வட்டமான உயிரணுக்கள் சில தெரிந்தன. கொசுவின் உடலில் அதுவரை அவர் கண்டிராதவை. உற்றுப் பார்த்தபோது அவற்றினுள் கருநிறத் துகள்கள் இருந்தன. மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய துகள்கள் அவை! மறுநாள் கடைசிக் கொசுவைப் பிளந்தார். அதே உயிரணுக்கள் முன்னாளைவிடப் பெரிதாக இருந்தன. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் உயிர்வாழ்வது மட்டுமன்றி வளரவும் செய்கிறது என்பது உறுதியாயிற்று. அந்தப் புள்ளிச்சிறகுக் கொசு, இன்று நாம் அனாபிலிஸ் என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள் இன்றும் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெற்றியின் விளிம்பில் நின்றவருக்கு வந்தது இடமாற்ற ஆணை. மலேரியா அரிதாகவே காணப்படும் இராசபுதனத்துக் கேர்வாராவுக்கு அவரை அனுப்பினர். மேன்சனின் இடையறாத முயற்சியால் 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆய்வுக்கென்றே ஒரு பணி கிடைத்தது. ஆனால் அங்கே வேறொரு தடை. பிளேக் நோயைப் பற்றிய அச்சம் நகரைப் பிடித்திருந்த காலம் அது. விரலில் ஊசி குத்திக் குருதி எடுக்க வந்தாலே நோயாளிகள் ஓடினர். ஆகவே ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. செகந்திராபாத்தில் ஈராண்டு ஏமாற்றிய சாம்பல்நிறக் கொசுவே குருவிகளின் ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று அவர் கண்டார். அவ்வாண்டு சூலை மாதத்தில், ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைவதைக் கண்டறிந்தார். அத்தகைய கொசுக்களை நலமான குருவிகளைக் கடிக்கச் செய்தார். குருவிகளுக்கு நோய் கண்டது. நோய் பரவுவது நீராலும் அன்று, காற்றாலும் அன்று, கொசுக்கடியால்தான் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், மனிதரின் மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலிய அறிஞர் கிராசியும் அவருடைய குழுவினரும் முழுமையாக மெய்ப்பித்தனர். யார் முதல்வர் என்பதில் இருவருக்கும் மூண்ட பூசல் இறுதிவரை தீரவில்லை. இருவருமே தம் பங்கைப் பெரிதாகவும் மற்றவர் பங்கைச் சிறிதாகவும் கண்டனர். 1902ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. இந்திய மண்ணில் பிறந்தவருள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே.

பெரும்பாலான நூல்கள் ராஸின் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றன. ஆயினும் கொசுவைக் கட்டுப்படுத்தும் அறிவியலுக்கு அவர் தந்த பெரிய கொடை இதற்குப் பின்னரே வந்தது. 1899இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கி லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். அவ்வாண்டே மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகருக்குச் சென்று, அங்கு மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் தெருவோரச் சிறு குட்டைகளில் பெருகுவதைக் கண்டார். 1902இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகருக்கு அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவால் வாடிய நகர் அது. தேங்கிய நீரை வடித்தும் குட்டைகளைத் தூர்த்தும் எண்ணெய் தெளித்தும் கொசுக்களைக் குறைத்தபின், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் இலாகூரை அடுத்த மியான்மீர் படைமுகாமில் அதே முறை பலனளிக்கவில்லை. குட்டைகளைத் தூர்த்த பின்னும் கொசுக்கள் வந்துகொண்டே இருந்தன. சுற்றுப்புறத்திலிருந்து கொசுக்கள் பறந்துவரும்போது ஓரிடத்தில் மட்டும் ஒழிப்பது வீண் என்று பலர் வாதிட்டனர். தூய்மை செய்த பரப்பு மிகச் சிறியது, செலவிட்ட பணமும் போதாது என்பது ராஸின் மறுமொழி. மறுமொழியோடு அவர் நின்றுவிடவில்லை. சென்னையில் தனியே கற்ற கணிதத்தைக் கையில் எடுத்தார்.

கொசு ஒன்று தன் வாழ்நாளில் எவ்வளவு தொலைவு செல்லும்? கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைக் கட்டிய சிறுவன் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஓர் அடி முன்னே வைப்பான், அடுத்த அடி பக்கவாட்டில், அதற்கடுத்தது பின்னே. அவ்வாறு நூறு அடி வைத்தாலும் தொடங்கிய இடத்திலிருந்து அவன் ஏறத்தாழப் பத்து அடித் தொலைவில்தான் இருப்பான். இரைதேடி அங்குமிங்கும் அலையும் கொசுவின் நிலையும் இதுவே. பெரும்பாலான கொசுக்கள் பிறந்த இடத்தின் அருகிலேயே தங்கிவிடும். ஆகவே போதிய அளவு பெரிய வட்டத்தைத் தூய்மை செய்தால், அதன் விளிம்பில் கொசு இருந்தாலும் நடுவில் அருகிவிடும். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய அறிஞர் பேரவையில் ராஸ் இதனை விளக்கினார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவர் எழுப்பிய இக்கணக்கை இலண்டன் அறிஞர் கார்ல் பியர்சன் மேலும் ஆராய்ந்தார்.

இரண்டாவது வினா இன்னும் அடிப்படையானது. மலேரியாவை ஒழிக்க எல்லாக் கொசுக்களையும் கொல்ல வேண்டுமா? கடைசிக் கொசுவரை கொல்வது எவராலும் இயலாது; எனவே மலேரியாவையும் ஒழிக்க இயலாது என்று பலர் சோர்ந்திருந்தனர். ராஸ் ஒரு சிற்றூரைக் கற்பனை செய்தார். மக்கள் 1,000 பேர்; அவர்களுள் நோயாளி ஒருவர்; அனாபிலிஸ் கொசுக்கள் 48,000. நான்கில் ஒரு கொசுவே மனிதரைக் கடிக்க வாய்ப்புப் பெறுகிறது எனில் 12,000 கொசுக்கள் கடிக்கும். அவற்றுள் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 12 கொசுக்கள், அந்த நோயாளியைக் கடித்திருக்கும். ஒட்டுண்ணி முதிர்ச்சியடையும்வரை உயிரோடு இருப்பவை மூன்றில் ஒரு பங்கே. ஆகவே 4 கொசுக்கள். அந்நான்கில் ஒன்றுதான் மீண்டும் ஒரு மனிதரைக் கடிக்கும். முடிவில் புதிய நோயாளி ஒருவரே உருவாகிறார். கொசுக்கள் பாதியாகக் குறைந்தால் புதிய நோயாளிகள் உருவாகும் வேகமும் பாதியாகும். பழைய நோயாளிகள் குணமடையும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. நோய் படிப்படியாகத் தானே மங்கிவிடும். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் போதும். 1908இல் மொரீசியசுத் தீவைப் பற்றிய அறிக்கையிலும் 1910இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு நூலிலும் இக்கணக்கை அவர் விரித்தெழுதினார். தொற்றுநோய்கள் பரவுவதைக் கணிதத்தால் அளக்கும் இன்றைய முறைகளுக்கெல்லாம் இது முன்னோடி.

எந்த இனம், எத்தனை கொசு, எவ்வளவு தொலைவு என்னும் இம்மூன்று வினாக்களே இன்றும் கொசுக் கட்டுப்பாட்டின் உயிர்நாடி. விடை தேடும் கருவிதான் மாறியிருக்கிறது. ராஸ் சிறகின் புள்ளிகளைப் பார்த்து இனம் பிரித்தார். இன்று அறிஞர்கள் மரபணுக்களைப் பார்க்கின்றனர். ஒரு கூட்டத்தில் எந்த மரபணு எந்த அளவில் உள்ளது, தலைமுறைதோறும் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிடும் இத்துறையை இனக்கூட்ட மரபியல் என்பர். ஃப்ரீடவுனில் ராஸ் கண்ட கொசுவகை ஒன்றே அன்று, உருவத்தில் பிரித்தறிய முடியாத பல இனங்களின் தொகுதி என்று பிற்காலத்தார் கண்டனர். இந்தியச் சிற்றூர்களில் மலேரியாவைப் பெருமளவு பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசுவும் அவ்வாறே ஐந்து உடன்பிறப்பு இனங்களைக் கொண்டது. அவற்றுள் பி என்னும் இனம் நோயை அரிதாகவே பரப்பும். ஐந்தாவதான ஈ என்னும் இனம் அறியப்பட்டது நம் இராமேசுவரம் தீவில். அங்கு பி இனமே இருக்கிறது என்று கருதியிருந்தபோதிலும் மலேரியா தொடர்ந்தது. ஆண்கொசுக்களின் ஒய் குரோமோசோம் வடிவத்தை ஆராய்ந்தபோதுதான், நோய் பரப்பும் வேறோர் இனமும் அதனுடன் கலந்து வாழ்வது புலப்பட்டது. செகந்திராபாத்தில் ராஸை ஈராண்டு அலைக்கழித்த அதே சிக்கல், நூறாண்டுக்குப் பின் குரோமோசோம் அளவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

பூச்சிக்கொல்லியும் அவ்வாறே. ஆயிரம் கொசுக்களில் ஒன்றிரண்டிடம் மருந்தைத் தாங்கும் மரபணு இருப்பதாகக் கொள்வோம். மருந்து தெளித்ததும் மற்றவை மடியும். பிழைத்த ஒன்றிரண்டின் வழித்தோன்றல்களே அடுத்தடுத்த தலைமுறைகளில் பெருகும். அதே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் ஒருநாள் அது வெறும் நீராகிவிடும். அம்மரபணு பெருகுவதை முன்கூட்டியே அளந்தறிந்தால் மருந்தைக் காலத்தில் மாற்றலாம். இரண்டு ஊர்களின் கொசுக்களில் மரபணுக்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து, அவ்வூர்களுக்கிடையே கொசுக்கள் போய்வருகின்றனவா என்றும் கணிக்கின்றனர். செயின்ட் லூயியில் ராஸ் எழுப்பிய வினாவுக்கு இதுவும் ஒரு விடை.

ராஸ் 1911இல் சர் பட்டம் பெற்றார். புகழ் வந்தபின்னும் அவர் மனம் நிறைவடையவில்லை. தம் உழைப்புக்கு அரசு தக்க வெகுமதி தரவில்லை என்ற குறை அவரை வாட்டியது. முதுமையில் பணத்தேவையால் தம் கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் 1928இல் விற்றார். முன்கோபமும் மனக்கசப்பும் கொண்ட மனிதர்தாம். இளமையில் விரும்பிய இலக்கியத்தை மட்டும் அவர் கைவிடவே இல்லை. கவிதைகளும் புதினங்களும் எழுதினார். 1923இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு இலக்கியப் பரிசும் பெற்றது.

1926இல் இலண்டனில் அவர் பெயரால் வெப்பமண்டல நோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் கல்கத்தா வந்தபோது, தாம் பணியாற்றிய மருத்துவமனையின் மதில் அருகே தமக்காக எழுப்பப்பட்ட நினைவு வாயிலை நேரில் கண்டார். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் காலமானார். கொல்கத்தாவில் அவ்வாயில் இன்றும் நிற்கிறது. செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டையில் அவர் உசேன் கானின் கொசுக்களைப் பிளந்த கட்டடமும் அவர் பெயராலேயே போற்றிக் காக்கப்படுகிறது.